கடன் வாங்க மட்டும் வராதீர்கள்: நகரக் கூட்டுறவு வங்கி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்து நகரக் கூட்டுறவு வங்கிகளில் பங்கு வைத்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு விஷயத்தை நேராகவே கேட்டுவிடுகிறேன். அவசரம் என்றால் நகையை எடுத்துக்கொண்டு நம் வங்கிக்கு வருகிறீர்கள். கடையை விரிவாக்க வேண்டும், வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்றாலும் முதலில் இங்கேதான் விசாரிக்கிறீர்கள். ஆனால் மனை விற்ற பணம், பையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம், ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கைக்கு வந்த பணம் எல்லாம் வேறு வங்கிக்குப் போகிறது. சில வீடுகளில் அதிக வட்டி ஆசையில் ஊர் பேர் தெரியாத நிதிக் கம்பெனிக்கும் போகிறது. பணம் போட ஓர் இடம், கடன் வாங்க ஓர் இடம் என்று இருந்தால், கடன் கொடுக்கிற இடம் எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும்?

நகர வங்கி கொடுக்கும் கடன் மேலிருந்து யாரோ அனுப்பும் பணம் இல்லை. ஆல்பேட்டையில் ஒருவர் போட்ட வைப்புத்தொகைதான் முதுநகரில் இன்னொருவருக்குக் கடனாகப் போகிறது. போடுகிறவர் குறைந்தால் வாங்குகிறவருக்கு இல்லை. இந்தக் கணக்கை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பான்பரி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய கணக்கு நகர வங்கியில்தான். என் முதல் சேமிப்புக் கணக்கையும் அவர் அங்கேதான் தொடங்கி வைத்தார். படித்து முடித்து, கூட்டுறவுப் பயிற்சி எடுத்து, நம் மாவட்டத்து நகர வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்புறம் காசாளர், கணக்கர், கடைசியில் கிளை மேலாளர். ஓய்வு பெற்ற பிறகும் என் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. கவுன்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

மார்க்கெட்டில் தண்டல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம் என்று பேசுவார்கள். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்க ஏதோ 15 சதவீத வட்டி போல இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே போகிறது. அந்த 100 நாளும் சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூணே கால் மாதத்தில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் தண்டல் நிற்கவில்லை. ஏனென்றால் தண்டல்காரர் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறார், எந்தக் காகிதமும் கேட்பதில்லை, ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அவரோடு போட்டி போட வேண்டுமென்றால் வங்கிக்கும் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். நகர வங்கிகளின் சிறு வணிகர் கடன் அப்படித்தான் ஓடியது. அப்பாவுக்கு முதன்முதலில் அந்தக் கடன் கிடைத்தபோது அவரிடம் வருமான வரிக் கணக்கு கிடையாது, சொத்துப் பத்திரம் கிடையாது. கடை எத்தனை வருஷமாக நடக்கிறது, மண்டிக்காரர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்கிறாரா என்று வங்கியிலிருந்து ஒருவர் மார்க்கெட்டுக்கு நடந்து வந்து விசாரித்தார். தினசரி சேமிப்புக்கு வசூலிக்க வருகிறவரும் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அப்பா தண்டல் பக்கம் போகவே இல்லை. பின்னாளில் நானே அந்த விசாரணைக்குப் போகிற ஆளாக ஆனேன். கடன் விண்ணப்பத்தில் இல்லாத எவ்வளவு விஷயம் ஒரு கடையின் தராசுத் தட்டையும் கல்லாப்பெட்டியையும் பார்த்தாலே தெரிகிறது என்பது அப்போது புரிந்தது.

நம் மாவட்டத்தில் பணம் எல்லா மாதமும் ஒரே மாதிரி வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் சிங்காரத்தோப்பில் மீன்கூடை தூக்குகிற அக்காவுக்கும், ஐஸ் உடைக்கிறவருக்கும், வலை பின்னுகிறவருக்கும் வருமானம் ஏறக்குறைய நின்றுவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கோடையில்தான் காசாகும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரர் ஆலைப் பணத்தை எதிர்பார்த்துத்தான் எதையும் பேசுவார். மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணை என்று எங்கோ தூரத்து ஊர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முடிவு செய்தால், மே மாதம் தவணை தவறியவர் ஏமாற்றுக்காரராகத் தெரிவார். உள்ளூரில் உட்கார்ந்து முடிவு செய்கிறவருக்கு அவர் தடைக்காலத்தில் மாட்டியவர் என்று தெரியும். தடைக்காலம் முடிந்து படகு திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய பாக்கியோடு வந்து நிற்கிறவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் வாராக்கடன் பட்டியலில் ஏறாமல் போனதற்கு ஒரே காரணம், தவணையை முதலிலேயே சீசனைப் பார்த்து வைத்ததுதான்.

பெரிய வங்கிகள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர்கள் செய்கிற வேலை வேறு. மொத்தக் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்குக் கொடுத்தால் போதும் என்பது அவர்களுக்கான விதி. நகரக் கூட்டுறவு வங்கிக்கு அது 60 சதவீதம். விவசாயம், சிறு தொழில், சிறிய வீடு, படிப்பு என்று சாதாரண ஆட்களுக்குத்தான் பெரும்பகுதியும் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது.

தானே புயல் அடித்த நாட்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் தாத்தா காலத்துப் பலா மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது, முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது, கிராமங்களில் அதைவிட அதிகம். நாங்கள் கிளையைத் திறந்து வைத்தோம். கம்ப்யூட்டர் ஓடவில்லை. பழைய நாள்வழிப் புத்தகத்தை எடுத்துப் பேனாவால் எழுதினோம். உள்ளே இருட்டு. உரைகல்லில் இழுத்த கோட்டின் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று நகை மதிப்பீட்டாளர் தன் மேசையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. ஒரு ஜோடி தோடு, ஒரு மோதிரம், தாலிக்கொடியில் கோத்திருந்த இரண்டு குண்டு. எல்லோருக்கும் ஒரே தேவைதான்: கூரைக்கு ஷீட் வாங்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க, ஷீட் விற்கிற கடைக்காரர் ஒருவர் அன்றன்று வசூலான ரொக்கத்தைச் சாயங்காலம் எங்களிடம் கொண்டுவந்து கட்டினார். அவர் நம் வங்கியின் பழைய உறுப்பினர். காலையில் நகைக்கடனாக நாங்கள் எண்ணிக் கொடுத்த நோட்டே மாலையில் அவர் பையில் திரும்பி வந்தது. மறுநாள் அதே பணம் வேறொரு வீட்டுக் கூரைக்குப் போனது. அவர் மட்டும் அந்தப் பணத்தை வேறு எங்காவது கட்டியிருந்தால் இரண்டாவது நாளே எங்கள் ரொக்க இருப்பு கரைந்திருக்கும். பின்பு 2015 வெள்ளத்திலும் இதையே பார்த்தேன். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் புகுந்தபோது நான் வேலையில் இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்ததும் நகைக்கடன் கவுன்டரில் யார் யார் நிற்பார்கள் என்று வீட்டிலிருந்தே எனக்குத் தெரியும். உங்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் அந்த ஷீட் கடைக்காரர் செய்ததைத்தான்.

வேலை பார்த்ததைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

நகர வங்கி ஊழியருக்கு மாற்றல் வந்தால் அதே வங்கியின் இன்னொரு கிளைக்கு, அதிகம் போனால் பக்கத்து ஊருக்கு. வட மாநிலத்துக்குப் போக வேண்டிய நிலை இல்லை. அது வசதி என்று வெளியிலிருந்து தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது ஒரு பொறுப்பும்கூட. ஒருவருக்குக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட முடியாது. மறுநாள் காய்கறிக் கடையில் அவரே நிற்பார். பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரில் வடம் பிடிக்கும்போது பக்கத்தில் அவர் இருப்பார். அதனால் இல்லை என்பதைக்கூட, ஏன் இல்லை, எது இருந்தால் கிடைக்கும், எப்போது மறுபடியும் வரலாம் என்று உட்கார வைத்துச் சொல்லப் பழகிக்கொள்வோம். வசூலும் அப்படித்தான். மிரட்டி வாங்க முடியாது, விட்டுவிடவும் முடியாது. தவணை நின்றுபோன வீட்டுக்கு மேலாளரோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அந்த அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பாக்கியைக் கேட்பது சுலபம் இல்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் அடுத்த தெருவில் ஒரு விதவை வைத்திருக்கும் வைப்புத்தொகை. இரண்டு பேரையும் முகம் தெரிந்து வைத்திருப்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். அதுவே எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கும் காரணம்.

ஒழுங்கு விஷயத்தில் எந்தப் பெரிய வங்கிக்கும் குறைந்ததில்லை. நகை இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று மேலாளரிடம், இன்னொன்று காசாளரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒருவர் விடுப்பு எடுத்தால் சாவி யார் கைக்கு மாறியது என்று பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்து. ஒவ்வொரு நகைப் பைக்கும் கடன் எண், மொத்த எடை, கல் கழித்த எடை, மதிப்பீட்டாளர் கையெழுத்து. சாயங்காலம் ரொக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் யாரும் கிளம்புவதில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் கட்டுகளைப் பிரித்து முதலிலிருந்து எண்ணுவோம்.

இப்போது நேரடி நியமனம் என்றால் பெரும்பாலும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்தும் எழுத்துத் தேர்வு வழியாகத்தான். பட்டப்படிப்போடு கூட்டுறவுப் பயிற்சியும் வேண்டும். யாரிடமும் சிபாரிசுக்குப் போகாமல் படித்து எழுதி வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறார்கள். சம்பளம் அரசுடைமை வங்கி அளவுக்கு இருக்காது. வீட்டிலேயே இருந்து, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு, ஊர்க்காரர்களுக்கு உபயோகமான வேலை செய்ய நினைக்கிற பிள்ளைகள் தைரியமாக வரலாம்.

சரி, குறைகள். அவை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. மொபைல் செயலி மற்றவர்களுக்கு எல்லாம் வந்து பல வருஷம் கழித்துத்தான் பல நகர வங்கிகளுக்கு வந்தது, இன்னும் வராத இடமும் உண்டு. சில கிளைகளில் பேச்சு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் விடப் பெரிய குறை, கட்சிக்காரர் சொன்னார், தலைவர் சொன்னார் என்று தகுதி இல்லாதவருக்குக் கடன் போவது. 2021-இல் ஐந்து சவரனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதற்காக அரசு ஆய்வு நடத்தியபோது, மாநிலத்தில் சில இடங்களில் கவரிங் நகைக்குக் கடன் கொடுத்திருப்பது வெளியே வந்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நேர்மையாக உரைகல்லோடு உட்கார்ந்திருந்த எத்தனையோ மதிப்பீட்டாளர்களையும் சேர்த்து ஊர் சந்தேகப்பட்டது. அந்த மாதிரி இடங்களில் நடந்ததற்கு ஊழியரும் அதிகாரியும் பொறுப்பு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தச் சங்கங்களின் உறுப்பினர்கள், எல்லா உறுப்பினர்களும் கூடும் பேரவைக் கூட்டத்தில் என்ன கேட்டார்கள் என்றும் நான் யோசித்தேன்.

பணம் பத்திரமாக இருக்குமா? இதுதான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. 2019 செப்டம்பரில் மும்பையில் பி.எம்.சி. என்ற நகரக் கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்கத் தடை வந்தபோது, வாசலில் வயதானவர்கள் அழுததை டிவியில் பார்த்துவிட்டு எங்கள் கிளைக்கு வந்து வைப்புத்தொகையை உடைத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 4 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளையும் எல்லாக் கணக்கும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம். பெரிய வங்கிக்கும் இதே 5 லட்சம்தான், நகரக் கூட்டுறவு வங்கிக்கும் இதே 5 லட்சம்தான். காப்பீட்டுக் கட்டணத்தை வங்கிதான் கட்டுகிறது, உங்களிடம் பிடிப்பதில்லை. 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுக்கத் தடை போட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும். முன்பெல்லாம் வங்கி முழுக்க மூடப்பட்டுக் கணக்கு முடியும் வரை வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 2020-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியதால் நிர்வாகக் குழு, தலைமை அதிகாரி விஷயத்திலும் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் வந்திருக்கிறது. கூட்டுறவுப் பதிவாளர் ஒரு பக்கம், ரிசர்வ் வங்கி ஒரு பக்கம் என்று இரட்டைக் கட்டுப்பாட்டில் எங்களுக்கு எழுத்து வேலை இரண்டு மடங்கு. இருந்தாலும் அது வேண்டும் என்றுதான் சொல்வேன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிராமத்தில் சொசைட்டி பேங்க் என்று சொல்கிறோமே, அந்தத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் சட்டப்படி வங்கி இல்லை. அதில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. எல்லாம் கூட்டுறவுதானே என்று ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றபோது, 14-ஆம் தேதி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அந்த நோட்டுகளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் எங்கள் கிளைக்கே பலர் வரவில்லை, கூட்டுறவு என்றால் வாங்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பாவம், வேறு இடத்தில் வெயிலில் நின்றார்கள். மத்தியக் கூட்டுறவு வங்கியோடு இணைந்த கிராமத்துச் சங்கத்தையே நம்பியிருந்த விவசாயிகள் நிலைமை அதைவிட மோசம். அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நகை வைக்கிறவர்களுக்கும் ஒன்று. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கியும், நகரக் கூட்டுறவு வங்கி உட்பட, அதன்படி நடக்க வேண்டும். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். உங்கள் முன்னால்தான் உரசிப் பார்த்து எடை போட வேண்டும். கடனை முழுக்கக் கட்டினால் அன்றைக்கே, முடியாவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். உரிமையோடு கேளுங்கள். எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அது அவர்கள் தவறு.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டுறவு வங்கியில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. பங்குச் சந்தை வங்கிகளில் இது கிடையாது. அங்கே பங்கு எண்ணிக்கைதான் பேசும். 1904-இல் காஞ்சிபுரத்தில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி தொடங்கியதிலிருந்து நம் மாநிலத்துக்கு இந்தப் பழக்கம் உண்டு. இரண்டே வருஷம் கழித்து, 1906-இல், சென்னையில் பலரும் நம்பிப் பணம் போட்டிருந்த ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. பெரிய பெயர், பெரிய கட்டடம் என்பது மட்டும் பாதுகாப்பு இல்லை என்பதை அன்றைய ஆட்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். நம் காலத்திலும், கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர் வங்கி ஒன்றின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை தப்பியது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளூரில் தொடங்கிய ஒரு வங்கி, உள்ளூர் ஆட்கள் கவனிக்காத நேரத்தில் எப்படிக் கைமாறும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

அந்த ஒரு வாக்கை நீங்கள் என்ன செய்தீர்கள்? கூட்டுறவுத் தேர்தல் 2013-இல் நடந்தது, 2018-இல் நடந்தது. 2018-இல் வந்த குழுக்களின் ஐந்து வருஷம் 2023-இல் முடிந்தது. அதற்கு அப்புறம் நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர்களில் நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கோப்பு பார்த்தவர்கள். ஆனால் அவர் ஒரே நேரத்தில் பல சங்கங்களுக்குப் பொறுப்பு, மாற்றல் வந்தால் போய்விடுவார், ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு இருந்தால்தான் தடைக்காலம் என்ன, பலா சீசன் என்ன என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச முடியும். தேர்தல் வேண்டும் என்று நாம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பால் விலை ஏறினால் கேட்கிறோம், பஸ் வரவில்லை என்றால் மறியல் செய்கிறோம். நமக்குச் சொந்தமான வங்கிக்கு நிர்வாகக் குழு இல்லை என்று ஒரு மனுகூட யாரும் கொடுத்து நான் பார்க்கவில்லை.

தேர்தல் நடக்கும்போதும் நிலைமை வேறில்லை. போட்டியே இல்லாமல் பட்டியல் ஒன்று முன்கூட்டியே முடிவாகிவிடும், உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தேர்தல் நடந்ததே தெரியாது. ஒரு கட்சிக்காரர் மட்டும் போட்டியிடுகிறார் என்றால் மற்றவர்கள் விண்ணப்பம் போடவில்லை என்றுதான் அர்த்தம். மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை, படகுச் சொந்தக்காரர், ஆடிட்டர் படித்த பிள்ளை என்று நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. நகைக்கடனுக்காக மட்டும் வங்கிக்கு வந்தவர்களைப் பெரும்பாலும் இணை உறுப்பினராகத்தான் சேர்த்திருப்பார்கள். இணை உறுப்பினருக்கு வாக்கு கிடையாது. உங்கள் பாஸ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், நான் வாக்குள்ள ‘அ’ வகுப்பு உறுப்பினரா, இணை உறுப்பினரா என்று கேளுங்கள். இணை உறுப்பினர் என்றால், பங்குத்தொகை கட்டி முழு உறுப்பினராக விண்ணப்பம் கொடுங்கள். வாங்க மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

வைப்புத்தொகை விஷயத்தில் நான் சொல்வது இதுதான். இருக்கிற பணத்தை எல்லாம் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டச் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதியைப் போடுங்கள். வட்டியோடு சேர்த்து ஒருவர் பெயரில் ஐந்து லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதாவது நாலு, நாலரை லட்சத்தில் நிறுத்துங்கள். கணவன், மனைவி தனித்தனிக் கணக்கு என்றால் இருவருக்கும் தனித்தனிக் காப்பீடு. போடும்போதே நியமனதாரர் (நாமினி) பெயரைக் கொடுத்துவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை குறிப்பிடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நியமனம் இல்லாத கணக்கு ஒன்றில் பணம் வாங்க, கணவரை இழந்த ஒரு பெண் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கும் எங்கள் கிளைக்குமாக அலைந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. ஒரு படிவத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

பேரவைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் காபி, மிக்சரோடு முடிகிற சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆண்டறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எல்லாப் பக்கமும் படிக்க வேண்டாம். வாராக்கடன் எத்தனை சதவீதம், போன வருஷத்தை விடக் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். மூலதன விகிதம் என்று ஒன்று போட்டிருப்பார்கள், கொடுத்த கடனோடு ஒப்பிட்டால் வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்ற கணக்கு அது. சிறிய நகர வங்கிக்கு அது குறைந்தது 9 சதவீதம், அதைவிடப் பெரியவற்றுக்கு 12 சதவீதம் இருக்க வேண்டும். தணிக்கையாளர் குறிப்புகளையும், அதற்கு வங்கி சொன்ன பதிலையும் படியுங்கள். புரியவில்லை என்றால் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். என் காலத்தில், ஒரு பேரவைக் கூட்டத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, போன வருஷம் இதே கடன் நிலுவையில் இருந்ததே, இந்த வருஷமும் அதே தொகை ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அந்தக் கடனுக்கு வசூல் நடவடிக்கை தொடங்கியது. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. அறிக்கையின் இரண்டு வருஷப் பிரதியையும் மடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அப்படிக் கேட்கும் உறுப்பினர் நாலு பேர் இருந்தால் ஊழியருக்கும் பலம். தகுதி இல்லாத கடனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும்போது, பேரவையில் கேட்பார்கள் சார், பதில் சொல்ல முடியாது என்று என் கீழ் வேலை பார்த்த பிள்ளைகள் தைரியமாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

எங்கள் ஊர் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து, தேர்தலை நடத்தச் சொல்லிக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று எழுதுங்கள். உறுப்பினர் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே மறக்காமல் போடுங்கள், அது இல்லாத கையெழுத்தை உறுப்பினர் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை மேலாளர், ‘அ’ வகுப்பு உறுப்பினர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்